கண் தெரியாத படம்

“இது எங்களக் கடிக்குமா, மிஸ்டர் வெண்டெல்?”

சென்ற கோடையில் எட்டு வயது ஜோசி கெம்பர் ஒரு சிலந்தியின் படத்தை அனுப்பிக் கேட்ட கேள்வி அது. கான்சாஸில் ஓய்வுபெற்ற ஆசிரியரான வெண்டெல், படம் பார்த்துச் சிலந்தியின் இனம் சொல்லும் இணையக் குழுவை நடத்திவந்தார். கண்கள் தெரியாத படத்துக்குப் பெயர் சொல்லக்கூடாது என்பது அவரே வகுத்த விதி. அந்தப் பக்கத்து விஷச் சிலந்தியான பழுப்புச் சிலந்திக்கு ஆறு கண்கள். அதைப்போலவே தோன்றும் சாதுச் சிலந்திகளுக்கு எட்டு.

ஜோசியின் படம் கலங்கலாக இருந்தது. ஆனாலும், “பழுப்புச் சிலந்தி. வீட்டில் விட்டுவைக்காதீர்கள்” என்று அவசரத்தில் தட்டிவிட்டார்.

அவள் அப்பா லைல், வீடெங்கும் பூச்சிமருந்துப் புகை போட்டார். பூனையைத் தூக்கிவர யாருக்கும் தெரியாமல் உள்ளே ஓடிய ஜோசி உயிரோடு வெளியே வரவில்லை.

ஓராண்டு கழிந்தது. ஒரு காலை, காப்பியோடு வெண்டெல் கணினியைத் திறந்தார். ஜோசியின் பெயரில் ஒரு படம்.

அதே சிலந்தி. இம்முறை துல்லியமாக.

எட்டுக் கண்கள். யாரையும் கொல்லாத ஓநாய்ச் சிலந்தி.

கீழே ஒரு வரி: “இப்பச் சொல்லுங்க.”

அழித்தார். அடுத்த படம் வந்தது. அவருடைய சமையலறைச் சுவர். அதற்கடுத்தது, அவர் கையிலிருந்த காப்பிக் கோப்பை.

குழுவை அவரோடு சேர்ந்து நடத்தும் நார்மாவுக்குப் போன் போட்டார்.

“இங்க ஒரு படமும் வரலையே. மொதல்ல கண்ணாடிய மாத்துய்யா,” என்று சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “ஆமா, அந்தப் பொண்ணு படத்துல கண்ணு தெரிஞ்சுதா? எங்களையெல்லாம் அதச் சொல்லியே வறுத்தெடுப்பியே.”

“தெரிஞ்சுது.”

விரலில் சுருக்கென்றது.

பதில் தட்டிய அதே ஆள்காட்டி விரல். மதியத்துக்குள் கறுத்துப்போயிற்று. அறையில் மருந்துப் புகையின் நெடி.

திரையில் அவர் விரலின் படம். அதன்மேல் ஆறு கண்கள்.

“இது கடிக்குமா?”

வெண்டெல் மண்டியிட்டு அழுதார். மகளைத் தானே கொன்றுவிட்டதாக நம்பி, லைல் ஓராண்டாக யாரோடும் பேசாமல் நடைபிணமாகத் திரிவது அவருக்குத் தெரியும். ஒரு சொல் போதும், அந்த மனிதரின் பாரம் இறங்கும். அதைக்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டார்.

இடக்கையால் ஒரு தாளில் எழுதினார்: “அது சாதுச் சிலந்தி, லைல். நான் கண்களைப் பார்க்காமலே சொன்னேன். குற்றம் என்னுடையது.”

அதே ஊரிலிருந்த லைலின் வீட்டுக்கு அதை எடுத்துப்போனார். லைல் வேலைக்குப் போயிருந்தார். தெருவில் ஆளில்லை. பூட்டிய கதவின் அடியில் கடிதத்தைத் தள்ளினார். பாதியில் சிக்கிக்கொண்டது.

உள்ளிருந்து, குழந்தை இழுப்பதுபோல், மெல்ல மெல்ல அது உள்ளே போயிற்று.