மூக்கைப் பொத்தாத மாலை

அன்று மாலை அளவுக்காரன் வீட்டுப் படியேறியபோது, அவன் மனைவி மூக்கைப் பொத்தவில்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். கல்யாணமான நாள் முதல் அவள் அவனை வாசலிலேயே மறித்து, "அங்கயே நில்லுங்க, பங்க்கே நடந்து வருது" என்று சட்டையைக் கழற்ற வைத்து, கொல்லைக் கிணற்றடிக்குத் துரத்திவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுவாள். அவனுக்கு அந்த வாடை தெரியாது. மூடிப்போன பெட்ரோல் பங்க் ஒன்றில், தொட்டிகளைத் தோண்டியெடுத்த பிறகும் மண்ணில் ஊறிக் கிடந்த எண்ணெய் நிலத்தடி நீரில் எவ்வளவு மிதக்கிறது என்று அளப்பது அவன் வேலை. அதற்காகத் தரைக்குள் இறக்கியிருந்த குழாய்களைத் திறந்து திறந்து அவன் மூக்கு எப்போதோ மரத்துவிட்டது. பதிலுக்கு அலுவலகம் பாட்டரி போட்ட மூக்கு ஒன்றைக் கொடுத்திருந்தது: ஒரு சுருள் நாடா, அதன் நுனியில் விரல் பருமனுக்கு ஓர் எஃகு உருளை. குழாயில் இறக்கினால், தண்ணீர் பட்டதும் விட்டு விட்டுக் கூவும். எண்ணெய் பட்டால் மூச்சு விடாமல் ஒரே நீட்டாகக் கூவும். வீட்டில் அவனுக்கு இருந்த மூக்கு மனைவியுடையதுதான்.

ஆகவே அவள் பேசாமல் வழிவிட்டதில் அவனுக்குச் சந்தோஷமே. காரணமும் இருந்தது. அன்றைக்கு எல்லாக் குழாயிலும் உருளை விட்டு விட்டுத்தான் கூவியது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"எங்கய்யா போச்சு?" என்றார் இன்ஜினியர்.

"தெரியல சார்."

"போனா போகட்டும். சொல்லிக்காம போயிடுச்சேன்னு வருத்தப்படாதே."

எண்ணெய் தண்ணீரோடு போகும், தண்ணீர் பள்ளத்துக்குப் போகும். அதனால்தான் அவன் ஊரின் மேட்டுக் கோடியில், சைக்கிளை மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டிய இடத்தில் வீடு பிடித்திருந்தான்.

"இப்பல்லாம் கொசுவே இல்லீங்க" என்றாள் மனைவி, தானே விரட்டிய பெருமையோடு. "அடுப்பு கூட, குச்சியக் கிட்டக் கொண்டு போறதுக்குள்ள பக்குனு பத்திக்குது."

அவன் சட்டைப் பொத்தானில் வைத்த கை நின்றது.

"என் மேல வாடை வரலையா?"

அவள் தோளருகில் வந்து நன்றாக இழுத்து மோந்தாள். "ஒண்ணும் இல்லையே."

மகளும் ஓடி வந்து அவன் வயிற்றில் முகம் புதைத்தாள். "அப்பா மேல நம்ம வீட்டு வாசனைதான் வருது."

அவன் பையிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். பொழுது சாய்ந்து, கிணற்றின் கல் விளிம்பில் பகல் வெயிலின் சூடு மட்டும் மிச்சமிருந்தது. பாசி பிடித்த உள்சுவரில் எங்கோ ஒரு சொட்டு விழுந்து, விழுந்த சத்தம் மேலே வராமல் அடியிலேயே தங்கிவிட, அவன் நாடாவை விரலிடுக்கில் நழுவவிட்டு, விட்டு விட்டுக் கூவ வேண்டும், விட்டு விட்டுக் கூவ வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இறக்கினான்.

ஒரே நீட்டாகக் கூவியது.

இன்னும் இறக்கினான். எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் வர வேண்டும். நாடா தீர்ந்தது. கூவல் தீரவில்லை.

சமையலறைக்கு ஓடினான். குடிநீர்ப் பானையில் முக்கினான். நீட்டுக் கூவல். மகள் குடித்து வைத்த டம்ளரின் அடியில் ஒரு வாய் பாக்கி, மயில் கழுத்து நிறத்தில் மினுங்கியது. அதிலும் தொட்டான். நீட்டுக் கூவல்.

"என்னங்க விளையாட்டு இது, வந்ததும் வராததுமா?" என்று மனைவி கூடத்திலிருந்து சிரித்தாள்.

"எனக்கு, எனக்கு" என்று மகள் உருளையைப் பிடுங்கினாள். அவன் தடுப்பதற்குள் நாக்கை நீட்டி அதன்மேல் வைத்தாள்.

எச்சில் தண்ணீர்தானே. விட்டு விட்டுத்தான் கூவ வேண்டும்.

நீட்டாகக் கூவியது.

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

கரண்ட் போனது.

"அசையாதீங்க ரெண்டு பேரும்" என்றாள் மனைவி இருட்டில். "மெழுகுவத்தி கொண்டு வரேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் வழுக்கியது. மறுபடி முயன்றான். வழுக்கியது. வார்த்தை எதிலும் ஒட்டவில்லை. கை நீட்டினான், உள்ளங்கை வியர்வையில் சுவர் நழுவியது.

தீப்பெட்டி குலுங்கும் சத்தம்.

உரசல்.

வெளிச்சம் வந்தது. மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி மனைவி சமையலறை வாசற்படியில் நின்றாள். காற்று இல்லை. சுடர் படுத்தவாக்கில் நீண்டு, குழந்தையின் பக்கம் சாய்ந்தது. குழந்தை வாயில் உருளையோடு சிரித்தது. கூவல் நிற்கவில்லை. மனைவி ஒரு அடி முன்னால் வைத்தாள். சுடர் இன்னும் கொஞ்சம் நீண்டது.