தொய்ந்த பலகை

மழை நின்று வெகுநாள் ஆகியிருந்தது. ஹர்மட்டான் காற்று வடக்கிலிருந்து கொண்டுவந்து கொட்டிய தூசியில் கானாவின் கடலோரச் செகொண்டி நகரமே வெளுத்துக் கிடந்தது. உதடுகள் வெடித்தன, கதவுகள் சுருங்கி நிலையோடு ஒட்டாமல் ஆடின, மேசை மரம் தொடாமலே சடசடத்தது. எல்லாம் காய்ந்து இறுகிய அந்தப் பருவத்தில், படுக்கைக்கு மேலே அடித்திருந்த சீலிங் பலகை மட்டும் ஈரத்துணி போலக் கீழே தொய்ந்திருந்தது.

எகுவா விழித்ததும் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கணவன் ஃபீஃபி செத்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. அவள் மீன் குளிர்கிடங்கில் எடை போடுகிறவள். பனிக்கட்டிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் விரலில் மீன் பட்டாலும் தெரியாது. கை தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கும். இப்போது உடம்பு முழுக்க அந்தக் கை மாதிரி ஆகிவிட்டிருந்தது. கறுப்புத் துணி உடுத்தினாள், மகள் அஜோபாவுக்குத் தலை பின்னினாள், கென்கே என்ற புளித்த சோளமாவு உருண்டையைப் பிட்டு மிளகாய்த் துவையலில் தோய்த்துத் தின்றாள். உறைக்கவில்லை.

ஃபீஃபி இருந்திருந்தால் அன்று மாலையே ஏணியைப் போட்டு ஏறியிருப்பான். வீட்டில் ஓர் ஆணியைக்கூட வெளியாள் அடித்ததில்லை. வெளியாளைக் கூப்பிட எகுவாவுக்கும் மனமில்லை. வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பேச்சைப் பேசுவார்கள். அதனால் வேலை முடிந்து வரும் வழியில் பான்யினின் ஹார்டுவேர் கடையில் நின்றாள். பான்யின், ஃபீஃபியோடு பள்ளியில் படித்தவர். ஆணி வாங்க வந்தவனுக்கு வீடு கட்டவே சொல்லிக்கொடுத்து அனுப்பும் வாய்.

"மழையே இல்லாம எங்கேர்ந்து தண்ணி வந்துச்சு?" என்றார் அவர். "எலியா இருக்கும். இல்லேன்னா வௌவால் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்கும். கேட்டா, நாங்கதான் வீட்டுக்காரங்கன்னு சொல்லும். தொடப்பக்கட்டையால தட்டிப் பாரு தங்கச்சி. காஞ்ச பலகை மத்தளம் மாதிரி கேக்கும். ஈரம்னா பொத்துன்னு கேக்கும். கேட்டுட்டு வந்து சொல்லு."

கட்டில்மேல் ஏறி நின்று தட்டினாள். சுற்றிலும் இருந்த பலகைகள் மத்தளம் போல ஒலித்தன. தொய்ந்த இடத்தில் சத்தமே இல்லை. தூங்குகிறவன் தொடையில் தட்டினால் கை எப்படி உணருமோ, துடைப்பக்கட்டை வழியாக அவள் கை அப்படி உணர்ந்தது.

அவள் அதைப் பான்யினிடம் அப்படிச் சொல்லவில்லை. சத்தம் வரவில்லை என்றுதான் சொன்னாள். உள்ளங்கையை வைத்துப் பார், ஜில்லென்றிருந்தால் எங்கோ ஈரம் கோத்திருக்கிறது என்றார் அவர். வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. தகரக்கூரை சூடு, வேறென்ன என்று சிரித்தார். அவள் கை வைத்தது விடிகாலையில். தகரம் அப்போது இரவுக் குளிரில் சில்லிட்டிருந்தது. அதையும் அவள் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு வேகம் வேண்டும். அது அவளிடம் இல்லை.

அடுத்த யோசனை, ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பார்ப்பது. தண்ணீர் இருந்தால் சொட்டிவிடும், புழுக்கை இருந்தால் உதிரும், தேனீ கட்டியிருந்தால் தனக்கும் ஒரு பாட்டில் தேன் வேண்டும் என்றார் பான்யின். அவள் ஓட்டை போட்டாள். எதுவும் சொட்டவில்லை, உதிரவில்லை. சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அதைப் பெரிதாக்கித் துழாவினாள். முதலில் வெறும் காற்று. பிறகு, மேலேயிருந்து மெத்தென்ற ஏதோ ஒன்று நகர்ந்து வந்து ஓட்டையை அடைத்துக்கொண்டது. விரல் நுனியில் அதன் அழுத்தம் கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது.

மூச்சு விடுவது போல.

விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அஜோபாவுக்குச் சோறு வடிக்கப் போனாள். உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், தனக்குப் பயம் வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

பான்யின் சொன்னபடி மூன்று ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே வைத்து, உத்தரத்தோடு சேர்த்து ஸ்க்ரூவால் முறுக்கினாள். கைக்கு வேலை இருந்தது பிடித்திருந்தது. மறுநாள் பார்த்தால், கட்டைகளுக்கு நடுவே பலகை பிதுங்கிக்கொண்டிருந்தது, இறுகக் கட்டிய கயிற்றுக்கு இடையில் சதை பிதுங்குவது போல. பிதுங்கியதன் வடிவம் இப்போது தெளிவாகத் தெரிந்தது. தோள். இடுப்பு. மடக்கிய முழங்கால். ஒருக்களித்துச் சுருண்டு படுத்திருக்கும் உடம்பு.

அவளும் அப்படித்தான் படுத்திருந்தாள்.

மெல்ல மறுபக்கம் புரண்டாள். சற்று நேரம் தெருவில் போகும் மோட்டார் வண்டிச் சத்தமும், பக்கத்து வீட்டில் உலக்கை இடிபடும் சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு தலைக்கு மேலே பலகை நீளமாக முனகியது. நிமிர்ந்து பார்த்தாள். முழங்கால் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அது ஃபீஃபிதான் என்று அவள் நினைத்தாள் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் நினைக்கவில்லை. அவன் செத்தபோது அவள் தொலைவிலுள்ள தேமா துறைமுக நகரில் இருந்தாள், கிடங்குக்காரர்கள் புதிய எடை இயந்திரம் பழக அனுப்பியிருந்தார்கள். அஜோபாவைத் தங்கை வீட்டில் விட்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அவனைப் பிணக்கிடங்கில் வைத்துவிட்டார்கள். தூக்கத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அவன் கடைசியாகப் படுத்த படுக்கையில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இப்போது மேலே ஒரு கனம் இருந்தது. அதன் கீழே படுத்தால் தூக்கம் வந்தது. ரீப்பரை முறுக்குவதை விட்டுவிட்டாள். பான்யின் கேட்டபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னாள். குளித்துவிட்டு வந்து, கட்டிலில் ஏறி நின்று, சிலசமயம் பலகையைத் தடவிக்கொடுக்கவும் செய்தாள்.

முன்னறையில் படுக்கும் அஜோபா ஒரு நாள் மதியம் காய்ச்சலோடு வந்து பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். எகுவா கண்ணயர்ந்து விழித்தபோது பலகையில் அந்தப் பழைய வடிவம் இல்லை. அவள் தலைக்கு மேலே பலகை மட்டமாக இருந்தது.

அஜோபாவுக்கு மேலே தொய்ந்திருந்தது. சின்னதாக. கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும் ஏழு வயது உடம்பு.

"அம்மா, எனக்கு மேல யாரு?" என்றாள் குழந்தை, கண்ணைத் திறக்காமல்.

பனியில் மரத்த விரலை வெந்நீரில் விட்டால் எப்படி வலிக்குமோ, அப்படி ஒன்று எகுவாவின் உடம்பெங்கும் குத்தியது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் பான்யினுக்குப் போன் போட்டாள். சரியாகவில்லை, முதலில் பொய் சொன்னேன், இந்த வீட்டில் இது இருக்கக் கூடாது என்றாள்.

"அப்போ முழுசா பிரிச்சுடு" என்றார் பான்யின். "பலகையே இல்லேன்னா தொங்கறதுக்கு என்ன இருக்கு? சுத்தியலோட பின்பக்கக் கொக்கியைக் குடுத்து நெம்பு, வந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் பிரித்தாள். கொக்கியைக் கொடுத்து நெம்ப, ஆணிகள் கீச்சிட்டுக்கொண்டு வந்தன. தொய்ந்த பலகை கழன்ற கணத்தில் தலைமேல் எது விழுமோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். எதுவும் விழவில்லை. பலகை கையில் லேசாக இருந்தது. அதன் மேற்பக்கம் வழவழவென்று சுத்தமாக, ஒரு துளித் தூசிகூட இல்லாமல் இருந்தது. மேலே உத்தரங்களும் தகரமும் மட்டும். உத்தரத்துக்கு உத்தரம் சிலந்தி வலை பின்னியிருந்தது, ஓர் இழையும் அறுபடாமல். ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் ஊசி ஊசியாக இறங்கியது.

அறையைப் பெருக்கினாள். அஜோபா அந்த வெயில் புள்ளிகளைப் பிடிக்க விளையாடி, அலுத்து, அந்தக் கட்டிலிலேயே தூங்கிப்போனாள். மேலேயிருந்து தூசி உதிர்ந்துகொண்டிருந்ததால் எகுவா, கட்டிலின் நான்கு மூலைக் கம்புகளில் கயிற்றால் கட்டிச் சுருட்டியிருந்த கொசுவலையை இறக்கி விரிப்புக்கு அடியில் செருகிவிட்டு, பலகைகளைக் கொல்லையில் அடுக்கினாள். அடுக்கி முடித்துச் சன்னலுக்கு வெளியே நின்றபடி பான்யினைப் போனில் கூப்பிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு பசித்தது. அதையும் அவரிடம் சொன்னாள்.

"நல்லதும்மா" என்றார் அவர். குரலில் கேலி இல்லை. "உங்கிட்ட ஒண்ணு சொல்லாம இருந்தேன். நீ மனசு கஷ்டப்படுவேன்னு. நீ தேமாவுல இருக்கையில ஃபீஃபியும் இதையேதான் கேட்டான். கட்டிலுக்கு மேல பலகை தொங்குதுன்னு. செத்துப்போன அவனோட அம்மா படுத்திருக்கற மாதிரி இருக்குன்னு ஒரு நாள் சொன்னான். குடிச்சிருக்கான்னு நெனச்சேன். அவனையும் பிரிக்கச் சொன்னேன்."

எகுவா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பிரிச்சிருந்தான். அடுத்த நாள் நான்தான் கதவை ஒடைச்சேன். கொசுவலை கயிறு நாலும் அறுந்து அவன் மேல கெடந்துச்சு. மூஞ்சியில இறுக்கி. நெஞ்சு வலியில பிடிச்சு இழுத்திருப்பான்னு டாக்டர் சொன்னாரு. சாவுக்கு ஆளுங்க வருவாங்களே, மேல பொளந்து கெடக்கக் கூடாதேன்னு நான்தான் புதுப் பலகை அடிச்சேன். வலையும் புதுசு வாங்கிக் கட்டினேன். தங்கச்சி? கேக்குதா?"

கேட்டது. வேறொன்றும் கேட்டது. உள்ளே, கயிறு மரத்தில் உராயும் சத்தம்.

சன்னல் வழியாகப் பார்த்தாள்.

வலையின் நான்கு கயிறுகளும் விறைத்திருந்தன. வலையின் மேல்துணி நடுவில் தொய்ந்திருந்தது. சின்னதாக இல்லை. கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, அதையும் தாண்டி, மடங்கி. மேலே ஒன்றும் இல்லை. உத்தரம். தகரம். வெயில்.

கத்த வாய் திறந்தாள். வாய் மரத்திருந்தது.

ஒரு கயிறு அறுந்தது.

தூக்கத்தில் அஜோபா புரண்டு மல்லாந்து படுத்தாள். வலையும் மெல்லப் புரண்டது. வெள்ளைத் துணியில் நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது, திறந்த வாய் தெரிந்தது. குழந்தையின் முகத்துக்கு நேர் மேலே, ஒரு விரல்கடை தூரத்தில், அந்த வாய் துணியை உள்ளே இழுத்து மூச்சு வாங்கியது.