அமாவாசைத் தார்

அமாவாசை மத்தியானம். பெரிய காஞ்சிபுரத்தின் அந்தத் தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. அன்றைக்கு நெசவாளர்கள் தறியில் உட்காரமாட்டார்கள்; நூலைத் தொடுவதே தப்பு. ரேடியோ இரைச்சலைச் சோதிக்கும் அரசு ஊழியன் அர்ஜுனன், கருவியைத் தோளில் மாட்டியபடி கலாவதியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே ஈரப் பட்டின் வாடை. சன்னல் திறந்திருந்தும் மூலையெல்லாம் இருட்டு அப்பிக் கிடந்தது.

கூலிக்குத் தார் சுற்றுவதுதான் கலாவதியின் பிழைப்பு. தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குச்சிகளில் சுற்றித் தரவேண்டும். லாரி பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றை அவள் புருஷன் துரைக்கண்ணு அதற்காகப் பூட்டிவைத்திருந்தான். போன வருஷம் ஓர் அமாவாசையன்று கதவைச் சாத்திக்கொண்டு அதை ஓட்டினான். பேட்டரிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? தெருவிலிருந்த ரேடியோக்கள் எல்லாம் கரகரத்துக் காட்டிக்கொடுத்துவிட்டன. நாட்டாண்மை ராமலிங்கம் அவனை நடுத்தெருவில் நிறுத்தி வைதார். அன்று சாயங்காலமே வீட்டு விட்டத்தில் தொங்கிவிட்டான், பாவி.

அதற்கப்புறமும் அமாவாசை தவறாமல் ரேடியோக்கள் கரகரத்தன. ஓட்டுவது கலாவதிதான் என்று தெரு புகார் எழுதிப்போட்டது. அவள் மேல்தான் தப்பென்று இன்றைக்குத் தெரிந்தால் இனி யாரும் அவளுக்கு நூல் தரமாட்டார்கள்.

"நான் தொடவே இல்ல சார். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"பேட்டரியில ஓடுறதும் இரைச்சல் போடும்மா. அந்த ஒயரே ஏரியல் மாதிரி. மொதல்ல நிறுத்திப் பாக்கணும், அப்புறம் ஓட்டிப் பாக்கணும். அதான் முறை."

ஒயர்களை அவனே கழற்றினான். பேட்டரியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தான். திரும்பி வந்து கருவியின் குமிழைத் திருகினான்.

கர்ர்ர்ர்.

நின்றது.

கர்ர்ர்ர்.

ஏரியலைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தான். எப்படித் திருப்பினாலும் மோட்டார் பக்கம்தான் இரைச்சல் ஓங்கியது. மோட்டாரோ அசையவில்லை.

கலாவதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நடுவுல நடுவுல நிக்குது பாருங்க சார்," என்று கிசுகிசுத்தாள். "அது இழ அறுந்து முடிச்சு போடுற நேரம். அவரு சுத்துறது அப்படித்தான் இருக்கும்."

பேயாவது, பிசாசாவது என்று சொல்ல வந்தவன் மோட்டாரைக் குனிந்து பார்த்தான். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

மோட்டார் முனையில் மொட்டையாக இருந்த குச்சியில் சிவப்புப் பட்டு ஏறிக்கொண்டிருந்தது.

சுற்றுச் சுற்றாக.

நூல் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை.

"இன்னாப்பா, உள்ள வரலாமா?" வாசலில் ராமலிங்கத்தின் குரல். "தெரு முழுக்க ரேடியோ கத்திக்கினு இருக்குது."

அர்ஜுனனுக்குச் சட்டென்று உறைத்தது. புதுசாய்ச் சுற்றிய தாரைப் பெரியவர் பார்த்தால் போச்சு. கருவி சொல்வதையா நம்புவார், கண்ணெதிரே இருப்பதையா? தாரைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டான். அது சுட்டது.

"பேட்டரி வாசல்ல இருக்குது பாருங்க. ஆனாலும் சத்தம் வந்துக்கினுதான் இருக்குது. இவங்க மேல தப்பு இல்ல."

ராமலிங்கம் வாசலைப் பார்த்தார். வெறும் மோட்டாரைப் பார்த்தார்.

"அப்ப சரிம்மா. நாளைக்கு நூல் அனுப்பச் சொல்றேன்."

கலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அர்ஜுனன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்கினான்.

மூடிய கைக்குள் தார் மெல்லச் சுழன்றுகொண்டே இருந்தது.