விளிம்பில் ஆரஞ்சு வாசனை

மாலை ஏழு மணி. மாடி அறையில் அண்ணன் இறந்து கிடந்தார். முகம் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. பக்கத்தில் பாதி குடித்த உயரமான கிளாஸ். அதன் விளிம்பில் எலுமிச்சை வில்லை. கீழே தம்பியின் பிறந்தநாள் விருந்து அப்படியே நின்றுபோனது.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் கிளாஸை முகர்ந்தார். ஜின்.

அண்ணி அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள். கணவர் குடியை விட்டு வருடக்கணக்காகிறது. குடிக்காமல் இருப்பதற்காக, மது உள்ளே போனால் முகம் சிவந்து உடம்பே எதிர்க்கும் மாத்திரை தினமும் சாப்பிட்டார். இதயமும் பலவீனம். மாத்திரை விஷயம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

விருந்துக்குப் பானம் கலக்க வந்தவரை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு விசாரித்தார். ஆரஞ்சுச் சாறு, கசப்புச் சாறு, ஐஸ், சோடா எல்லாக் கிளாஸிலும் ஒன்றுதான் என்றார். ஜின் சேர்த்ததில் மட்டும் ஆரஞ்சுத் தோலை முறுக்கி, விளிம்பெல்லாம் தேய்த்துச் செருகுவார். ஜின் இல்லாததில் எலுமிச்சை வில்லை.

"அந்தக் கசப்புல ஜின் தெரியாது மேடம். நான்தான் மாத்திக் கலந்துட்டேனோ?"

இரண்டு கிளாஸையும் மாடிக்கு எடுத்துப்போனது தம்பி. எலுமிச்சை வைத்ததை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, ஜின்னைத் தான் குடித்ததாகச் சொன்னான். அவனுடைய காலிக் கிளாஸில் ஆரஞ்சுத் தோல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அண்ணனின் கிளாஸை மறுபடி எடுத்து, இந்த முறை விளிம்பை மட்டும் முகர்ந்தார். பிறகு தம்பியை மது குடித்திருந்தால் காட்டும் மூச்சுக் கருவியில் ஊதச் சொன்னார். கருவி பூஜ்யம் காட்டியது.

"எலுமிச்சை செருகின கிளாஸ் விளிம்புல சுத்திவர ஆரஞ்சுத் தோல் எண்ணெய் வாசனை எப்படி வந்துச்சு? பானம் கலக்கறவர் சரியாத்தான் கலந்திருக்கார். படியேறும்போது தோலையும் வில்லையையும் மாத்தினது நீங்க."

தம்பி உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு தடவையாவது அவர் தோக்கணும்னு நெனச்சேன். என்னால குடியை விட முடியல. அவர் மட்டும் மன உறுதியில விட்டுட்டார்னு வீடு முழுக்க அதே பேச்சு. சாவார்னு தெரியாது அண்ணி."

அண்ணி மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்," என்றாள். "மாத்திரை இல்லாம அவரால ஒரு நாள் கூட குடிக்காம இருக்க முடியாது. அது உனக்குத் தெரிஞ்சா கேவலம்னார். நானும் வாயை மூடிட்டு இருந்துட்டேன்."