பாதி நாக்கில் விஷம்

"டாக்டர், என் மச்சானே எனக்கு விஷம் வச்சுட்டான்!"

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தவர், தேயிலைக் கம்பெனியில் டீயை ருசிபார்த்துத் தரம் சொல்பவர். துண்டை எடுத்ததும் இடப்பக்க முகம் தொங்கியது தெரிந்தது. போலீசுக்கு எழுதிய புகார் சட்டைப்பையில் தயாராக இருந்தது. அதே கம்பெனியில் அவருடன் வேலை பார்க்கும் அந்த மச்சான், அவர் மனைவியின் தம்பி, அவரை அழைத்து வந்த பாவத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"முந்தாநாள் அவன் கொடுத்த டீ தகரம் மாதிரி இருந்துச்சு. அவன் கரண்டியப் போட்டுக் கிண்டினா காதுல ஆணி அடிக்கிற சத்தம். நேத்துக் காலையில முகம் கோணிடுச்சு. என் வேலை மேல அவனுக்குக் கண்ணு! இங்கிருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்!"

நரம்பு மருத்துவரான அந்த டாக்டரம்மா பதறி யாரும் பார்த்ததில்லை. கம்பவுண்டருக்கோ துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"டீத்தூளைப் பரிசோதனைக்கு அனுப்பிடலாமா மேடம்?"

"முதல்ல நாக்கைப் பரிசோதிப்போம்."

சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை நாக்கின் வலப்பக்கம் தடவினார். இனிக்கிறது என்று நோயாளி கையைத் தூக்கினார். கொப்பளிக்கச் சொல்லி, இடப்பக்கம் தடவினார். கை எழவில்லை.

"கரண்டிச் சத்தம் எந்தக் காதுல?"

"இடது காதுல."

கண்ணை மூடச் சொன்னார். இடது கண் மூடவில்லை. புருவத்தைத் தூக்கச் சொன்னார். நெற்றியில் வலது பாதி மட்டும் சுருங்கியது. கை கால்களில் குறையில்லை. மைத்துனரையும் உள்ளே கூப்பிட்டார்.

"பக்கவாதமா மேடம்?" என்றார் கம்பவுண்டர்.

"அதுல பெரும்பாலும் நெத்தி தப்பிச்சு ரெண்டு பக்கமும் சுருங்கும். விஷமும் இல்ல. விஷம் இடது வலது பார்க்காது. நாக்கு, காது, கண்ணு, உதடு நாலுக்கும் போறது ஒரே நரம்பு. காதுக்குப் பக்கத்துல எலும்புக்குள்ள குறுகலான பாதையில வருது. அங்க வீங்கி நசுங்கியிருக்கு. அதான் குற்றவாளி."

"எல்லாத்துக்கும் ஒண்ணா? எவ்வளவு கனம் இருக்கும்?"

"தடிச்ச நூல் அளவுதான்."

கம்பவுண்டர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருபது வருஷமாக மருந்து கட்டிக் கொடுத்தவருக்கு மெய்சிலிர்த்தது. சிரிப்பும் ருசியும் இவ்வளவு மெல்லிய ஒன்றிலா ஓடுகின்றன!

"ஸ்டீராய்டு மாத்திரை அந்த வீக்கத்தை வடிய வைக்கும். முகம் கோணின மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன். இன்னிக்கு ரெண்டாவது நாள். ஸ்டேஷனுக்கு அலைஞ்சிருந்தா அந்த நேரமும் போயிருக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துட்டு இப்பவே தொடங்கலாம். பெரும்பாலும் பழையபடி ஆயிடும். அதுவரைக்கும் கண்ணு காயாம சொட்டு மருந்து விடணும்."

"ஸ்டேஷனா?" மைத்துனர் வெளிறிப் போனார். "நான் என்ன பண்ணேன் மாமா?"

ருசிபார்ப்பவர் சட்டைப்பையிலிருந்த புகாரை எடுத்துக் கிழித்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை மைத்துனரின் கையில் வைத்து முகத்தை நிமிர்த்தினார்.

"இந்தக் கண்ணு மூட மாட்டேங்குது மச்சான். நீயே விடு."

மைத்துனர் மருந்தின் மூடியைத் திருகித் திறந்தார்.

"அசையாதீங்க மாமா" என்று முதல் சொட்டை விட்டார்.