பொற்கொடி மகள் பாட்டுக்காரி

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த மகளைப் பார்த்ததும் பொற்கொடி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். தலையில் ஒரு முடி இல்லை!

“அடியே சந்திரவல்லி... என்னடி இது கோலம்?”

“எங்க பேண்டுல எல்லாப் பொண்ணுகளும் மொட்ட அடிச்சுக்கிட்டோம்மா. பொம்பளைன்னா கூந்தல்தானான்னு ஒரு பாட்டு.”

சென்னையில் பெண்களே நடத்தும் பங்க் ராக் குழுவில் அவள் பாடுகிறாள். பெண்ணை அடக்க நினைப்பவர்களை முகத்துக்கு நேரே கேட்கிற காட்டுக்கத்தல் பாட்டு. சொந்த ஊரான போடியில் இது தெரிந்த ஒரே ஆள் பொற்கொடி. மற்றவர்களுக்குச் சந்திரவல்லி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ‘பொட்டப்புள்ளயத் தனியா அனுப்புனவ’ என்ற ஏச்சையெல்லாம் தாயே வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் வாசலில் மொக்கச்சாமி. பொற்கொடியின் காலஞ்சென்ற கணவனுக்கு அண்ணன், ஏலக்காய் வியாபாரி. அன்று அவருடைய பேரனுக்குக் காதுகுத்து. தெருமுனை பேனரில் பேரன் தபால்தலை அளவு, தாத்தா ஜீப்பு அளவு.

மொட்டையைப் பார்த்தவர் கைகூப்பிவிட்டார்.

“எம் பேரனுக்கு வேண்டிக்கிட்டு முடி குடுத்தியா ஆத்தா! ஏ சுருளி, சந்தனத்தக் கொண்டா, வெரசா!” என்று மனைவியை ஏவினார்.

சந்திரவல்லி வாயைத் திறக்குமுன் தலை மஞ்சளாகிவிட்டது. பொற்கொடி கதவுக்குப் பின்னால் நின்றாள். மூத்தார் எதிரே வந்து நேரே பேசுவது அந்த வீட்டு மருமகள்களுக்கு வழக்கமில்லை.

“பெரியப்பாகிட்ட நான் யாருன்னு சொல்லும்மா,” என்றாள் மகள், அடுப்படியில்.

“இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்க தாயி...”

“ஒனக்கு வெக்கம்! அதான் என்னைய ஒளிச்சே வச்சிருக்க!”

பொற்கொடிக்குக் கண்ணீர் முட்டியது. வெட்கமா! தெரிந்தால் இழுத்துவந்து எவனுக்காவது கட்டிவைத்துவிடுவார்களே என்றல்லவா...

மண்டபத்தில் பெண்கள் பரிமாற வாளியோடு நிற்க, முதல் பந்திக்கு ஆண்கள் கைகழுவிக்கொண்டிருந்தபோது மொக்கச்சாமி மைக்கைப் பிடித்தார். “எங்க வீட்டுப் பக்திச் செல்வம் இப்ப அம்மன் பாட்டு பாடும்!”

சந்திரவல்லி மூச்சை இழுத்துவிட்டுக் கத்தினாள்:

“ஏலக்காட்டு ஜீப்புல நின்னு போறவளே!
எல்லாரும் திங்கயில நின்னு பாத்தவளே!
ஒக்காருடி! ஒக்காரு!”

“மைக் செட்ட ஆப் பண்ணுடா!” மொக்கச்சாமி அலறினார். “இதாடி அம்மன் பாட்டு? யாரு ஒனக்கு இந்தத் தைரியம் குடுத்தது?”

மைக் செத்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மூத்தார் எதிரே நின்றாள் பொற்கொடி.

“நாந்தேன் மாமா!”

அவள் அவர் முகம் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

“அது வேண்டுதல் மொட்டையில்ல. எம் மக பாட்டுக்காரி. ஊரு ஊரா மேடையேறிப் பாடுறா. நீங்கல்லாம் கெடுத்துப்புடுவீகன்னு பயந்து மறைச்சேன்... வெக்கப்பட்டு மறைக்கல! செட்டப் போடச் சொல்லுங்க. பாட்டு பாதியில நிக்குது.”

“அம்மா!” சந்திரவல்லி மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “தெரியாமப் பேசிட்டேம்மா...” இருவரும் ஏங்கி ஏங்கி அழுதார்கள்.

அப்போது யாரும் எதிர்பாராதது நடந்தது. மொக்கச்சாமியின் மனைவி சுருளியம்மாள் சாம்பார் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, முதல் பந்தியில் போய் உட்கார்ந்தாள். “போடுப்பா செட்ட!”

மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். பொற்கொடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் இலை பிடித்தாள். மீண்டும் மேடையேறிய சந்திரவல்லியின் பாட்டு மண்டபத்தை உலுக்கியது.

“புள்ள என்னமாப் பாடுது!” என்றார் ஒரு வியாபாரி.

மொக்கச்சாமி உடனே துண்டைச் சரிசெய்துகொண்டார். “எங்க வம்சத்துத் தொண்டையில்ல!”

“இல்ல மாமா,” என்றாள் பொற்கொடி, இலை முன்னால் உட்கார்ந்தபடியே. “அது அவ தொண்ட.”