நூற்றுக்கு நூறு

உமையாள் அரிசி டப்பாவைத் திறந்தாள். உள்ளே அரிசி இல்லை. பொன்னிறப் பாகு தளும்பியது.

நேற்று சமைக்கும்போது முக்கால் டப்பா இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். இனிப்பு. பீர் காய்ச்சும்போது ஊறலில் முக்கிப் பார்க்கும் திறன்காட்டிக் கோலை எடுத்துப் பாகில் விட்டாள். மாவுச்சத்தில் எவ்வளவு சர்க்கரையாகியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் கோல் அது.

“தொண்ணூற்றெட்டு. அருமை” என்றது.

நிலவின் தரைக்கடியில் இருந்த அந்தக் குடியிருப்பில் எல்லாமே அளவுதான். வீட்டில் பீர் காய்ச்ச ஆளுக்குக் கொஞ்சம் முளைகட்டிய பார்லி கிடைக்கும். அதை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகும். மற்றவர்கள் ஊறலில் கால்வாசிச் சத்து சக்கையோடு போய்விடும். நுண்ணுயிர்க் கூடத்தில் வேலை பார்க்கும் உமையாளுக்கு அது பொறுக்கவில்லை. மாவுச்சத்தை மிச்சமில்லாமல் சர்க்கரையாக்கும் முழுக்கரைப்பி என்றொரு கிருமியை வளர்த்தாள். கொதிக்க வைத்தாலும் சாகாது. தண்ணீர் அரிது என்பதால், தானியத்துக்குள் இருக்கும் துளி ஈரமே போதும்படி அதைப் பழக்கியிருந்தாள். போன வாரம் பக்கத்து வீடுகளெல்லாம் அவள் பீரைக் குடித்துவிட்டு அவளைத் தோளில் தூக்காத குறை.

ஊறலைக் கிளறிய கையால்தான் அரிசியையும் அள்ளியிருந்தாள். சரி, ஒரு டப்பா போனால் போகட்டும் என்று நினைத்தவளுக்குச் சக்கையின் ஞாபகம் வந்தது.

அங்கே உணவை எறிவது குற்றம். ஊறல் சக்கை முழுவதும் பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். காயவைத்து அரைத்து ரொட்டி மாவில் கலப்பார்கள்.

கோலைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

களஞ்சியக் காவலர் அருளப்பன் சிரித்தார். “என்ன உமையா, விடிஞ்சதும் பீர்க் கோலைத் தூக்கிட்டு வந்துட்டே? இங்க ஒரு சொட்டு கிடைக்காது.”

“அண்ணே, மூட்டையெல்லாம் எப்படி இருக்கு?”

“காலையிலேர்ந்து வேர்த்து ஊத்துது. மேல குழாய் ஒழுகுதோன்னு பாக்க ஆள் அனுப்பியிருக்கேன்.”

ஒரு மூட்டையைத் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள். அருளப்பன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது.

“விதை அறை?” என்றாள்.

“அதுக்கு ரெட்டைக் கதவு. பாகைக் குடிச்சாவது ஓட்டிடலாம். விதை இருந்தா அடுத்த போகம் போட்டுக்கலாம். பயப்படாதே.”

அவளுக்கு மூச்சு வந்தது. உடனே மறுபடியும் நின்றது.

“சக்கையை எங்கண்ணே காயப்போடுவீங்க?”

அவர் சாவியைத் தேடினார். “ஈரமே இல்லாத இடம் இங்க அது ஒண்ணுதானே, உமையா.”

கதவு திறந்தது. தட்டுத் தட்டாக நெல்லும் பார்லியும் உமி கலையாமல் மினுமினுத்தன. ஒரு மூலையில் சக்கை பரப்பியிருந்தது.

“அட, பாரு” என்று பெருமூச்சு விட்டார் அருளப்பன். “ஒண்ணும் ஆகலை. கொஞ்ச நேரத்துல என் உசுரை எடுத்துட்டியே.”

உமையாள் ஒரு நெல்லை எடுத்து நகத்தால் அழுத்தினாள். உமி பிளந்து தேன் போல ஒரு துளி வழிந்தது. அடுத்த நெல்லும் அப்படியே. பார்லியும் அப்படியே. தட்டுக்குத் தட்டு ஓடி, கைநிறைய அள்ளிப் பிசைந்தாள். உமிகள் வெறும் கூடுகளாக விரலிடுக்கில் நின்றன.

“பூமியிலேர்ந்து கப்பல் வர இன்னும் ரெண்டு போகம் தாண்டணும்” என்றார் அருளப்பன், யாரிடமோ சொல்வதுபோல.

அவள் கையிலிருந்த கோல் நழுவி, நசுங்கிய விதைகளின் பாகில் விழுந்தது. ஒரு கணம் யோசித்துவிட்டு, அது உற்சாகமாகப் பேசியது:

“நூற்றுக்கு நூறு. ஒரு மணியும் வீணாகவில்லை. வாழ்த்துகள்.”